ஆறு இல்லாத பாலமும் ஃபால்யோகுல் பனியாறும்

ஐஸ்லாந்தின் தெற்குக் கரையில் கார் ஓட்டிப் போகிறவர்கள் வரைபடத்துக்கு முன்னால் படிக்கப் பழக வேண்டியது சாலையோர மின்பலகையை. வெப்பநிலைக்கு ஓர் எண், காற்றின் வேகத்துக்கு ஓர் எண். மலைச்சரிவு சாலையை ஒட்டி வரும் இடங்களில் மூன்றாவதாகவும் ஓர் எண் ஒளிரும். திடீரென்று வந்து அறையும் வீச்சின் வேகம் அது. எல்லாமே நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா ஒவ்வொரு பலகையையும் 3.6-ஆல் பெருக்கிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

“சராசரி 11. அது ஒன்றுமில்லை, மணிக்கு 40 கிலோமீட்டர்தான். வீச்சு 23 என்று போட்டிருக்கிறான். 80-ஐத் தாண்டுகிறது. வேகத்தைக் குறைத்துக்கொள்ளம்மா.”

குறைத்தேன். அடுத்த வளைவு திரும்பியதும் மலை இடுக்கிலிருந்து இறங்கிய காற்று காரின் இடப்புறத்தில் மோதியது. ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருந்தும் வண்டி ஓர் அடி நகர்ந்ததை உணர முடிந்தது. அப்பா வாயைத் திறக்கவில்லை. அடுத்த பலகை வரும்வரை கைப்பிடியை விடவும் இல்லை.

அவர் நெடுஞ்சாலைத் துறையில் பாலங்கள் கட்டி ஓய்வு பெற்றவர். அறுபதைக் கடந்துவிட்டார், முழங்கால் மட்டும் அவ்வப்போது முரண்டு பிடிக்கும். இந்தப் பயணத்துக்கு அவரைக் கிளப்பியது பனி அல்ல, ஒரு பாலம். எனக்கோ பனியாற்றின் மேல் நடந்தே தீர வேண்டும் என்ற பல வருட ஆசை. இரண்டும் ஸ்காஃப்டாஃபெட்ல் என்ற ஒரே இடத்தில் அமைந்தது எங்கள் நல்வாய்ப்பு.

நாட்டைச் சுற்றி வரும் ஒன்றாம் எண் சாலையின் மொத்த நீளம் ஏறத்தாழ 1,320 கிலோமீட்டர். அதை முழுவதும் சுற்ற நாங்கள் நினைக்கவில்லை. தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து ஸ்காஃப்டாஃபெட்ல் வரை சுமார் 325 கிலோமீட்டர், அதற்கப்பால் பனிக்கட்டிகள் மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரி வரை இன்னும் கொஞ்சம், பிறகு அதே வழியில் திரும்புவது. இவ்வளவுதான் திட்டம். செப்டம்பர் தொடக்கம். ஆடுகளை மலையிலிருந்து ஓட்டி வரும் காலம் என்பதால் அவை சாலையோரத்தில் எங்கும் நின்றன. தார்ச் சாலையில் 90 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். சில பாலங்களில் ஒரே ஒரு கார்தான் போக முடியும். எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால், பாலத்தை முதலில் நெருங்கியவர் முதலில் போகலாம் என்பது வழக்கம். இந்த ஏற்பாடு அப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. காத்திருந்து வழிவிட்ட ஒவ்வொரு ஓட்டுநருக்கும் கையை உயர்த்தி நன்றி சொன்னார்.

செல்யாலாண்ட்ஸ்ஃபோஸ் அருவியில் நல்ல வெயில். 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீருக்குப் பின்னால் நடந்து போனபோது திரைக்கு அந்தப் பக்கம் சூரியன் பளபளத்தது. அங்கிருந்து 30 கிலோமீட்டர்கூட இல்லை ஸ்கோகாஃபோஸ். அங்கே போய் இறங்கியபோது மழை தரைக்கு இணையாக வந்துகொண்டிருந்தது. நனைந்தது அருவியாலா மழையாலா என்று பிரித்துச் சொல்ல முடியாத நனைவு. காருக்குள் துணி மாற்றி முடிப்பதற்குள் மறுபடி வெயில்.

இதற்குக் காரணம் இருக்கிறது. அட்லாண்டிக் பெருங்கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக இந்தத் தீவை நோக்கி வருகின்றன. கடல் ஈரத்தைச் சுமந்து வரும் காற்றுக்கு முதலில் எதிர்ப்படும் சுவர், தெற்குக் கரையின் பனிமலைகள். 2010-இல் சாம்பலைக் கக்கி ஐரோப்பாவின் விமானங்களை நிறுத்திய எய்யாஃபியாட்லாயோகுல், அதையடுத்து மிர்டால்ஸ்யோகுல், கிழக்கே பிரம்மாண்டமான வட்னாயோகுல். காற்று இவற்றின் மேல் ஏறும் இடத்தில் மழை கொட்டும். மலை மறைக்கும் பக்கம் வெளுத்துக் கிடக்கும். இரண்டு மலைகளுக்கு நடுவே இடுக்கு இருந்தால் அங்கே காற்று நெருக்கிக்கொண்டு பாயும். ஆகவே ஒரே மணி நேரத்தில் நான்கு வானிலை என்பது இங்கே மிகையான பேச்சில்லை. வானிலை மாறுகிறது என்று சொல்கிறோம், ஆனால் பாதி நேரம் ஒரு வானிலையிலிருந்து வெளியேறி அடுத்ததற்குள் நாம்தான் ஓட்டிக்கொண்டு போகிறோம்.

வாடகைக் கார் கொடுத்தவர் சாவியை நீட்டும்போதே ஒன்றை வலியுறுத்தியிருந்தார்: கதவைத் திறக்கும்போது கைப்பிடியை விடக் கூடாது. காற்று கதவைப் பிடுங்கிப் பின்னோக்கி மடக்கிவிடும், கீல் வளைந்துவிடும், அந்தச் சேதத்துக்குக் காப்பீடு பெரும்பாலும் கைகொடுக்காது. அப்பா இதற்கு ஒரு முறை வகுத்துவிட்டார். நிறுத்தும்போது காரின் முகம் காற்றை நோக்கி இருக்க வேண்டும். முதலில் ஒருவர் மட்டும், இரண்டு கைகளாலும் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். அவர் மூடியபிறகே அடுத்தவர் திறக்கலாம். பயணம் முடியும்வரை இதில் அவர் ஒருமுறைகூடச் சலுகை தரவில்லை.

ரெய்னிஸ்ஃபியாரா கருமணல் கரையில் நாங்கள் நீரருகே போகவே இல்லை. சில அலைகள் சொல்லாமல் கொள்ளாமல் கரையின் பாதிவரை ஏறி வந்து ஆளை இழுத்துக்கொண்டு போகும் இடம் அது. உயிர்கள் போயிருக்கின்றன. மேட்டில் நின்று, கடலுக்குள் நிற்கும் பாறைத் தூண்களைப் பார்த்துவிட்டு வீக் என்ற சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தோம். நாட்டிலேயே மழை மிகுந்த ஊர்களில் அதுவும் ஒன்று. அன்று அந்தப் பெயரைக் காப்பாற்றியது.

மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்குப் பனிநடை என்று பதிவு செய்திருந்தோம். இரவு உணவுக்கு உட்கார்ந்தபோது நடையை நடத்துபவர்களிடமிருந்து செய்தி வந்தது. தென்கிழக்குப் பகுதிக்கு நாளை மதியத்திலிருந்து மஞ்சள் எச்சரிக்கை, காலை ஒன்பது மணிக் குழுவில் இடம் இருக்கிறது, வர முடியுமா? இங்கே வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று படிகளில் எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்பது எல்லாவற்றையும் நிறுத்து என்பதல்ல, கவனமாக யோசித்து முடிவெடு என்பது. வீக்கிலிருந்து ஸ்காஃப்டாஃபெட்ல் 140 கிலோமீட்டர். அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து, “ஆறு மணிக்குக் கிளம்பினால் பாலத்துக்கு எனக்கு அரை மணி நேரம் கிடைக்கும், இல்லையா?” என்று மட்டும் கேட்டார்.

கிடைத்தது. விடியலில் மிர்டால்ஸ் கருமணல்வெளியைக் கடந்தோம். மிர்டால்ஸ்யோகுல் பனிக்கு அடியில் இருக்கும் காட்லா எரிமலை வெடிக்கும்போதெல்லாம் உருகிப் பாயும் வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மணல் இது. கடைசிப் பெரிய வெடிப்பு 1918-இல். அதற்கப்புறம் கண்ணுக்கெட்டியவரை பாசி போர்த்திய எரிமலைக் குழம்புப் பாறைகள். 1783-இல் தொடங்கி எட்டு மாதங்கள் ஓயாமல் கக்கிய லாக்கி பிளவின் எச்சம். அந்த நச்சுப் புகையிலும் தொடர்ந்து வந்த பஞ்சத்திலும் நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டார்கள். அந்தப் பாறைகளின் மேல் இன்று பாசி அவ்வளவு பச்சையாக, அவ்வளவு மெத்தென்று கிடக்கிறது. ஒரு காலடி பட்டால் ஆறுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால் யாரும் அதில் இறங்குவதில்லை.

லோமக்னூப்பூர் என்ற செங்குத்து மலையைத் தாண்டியதும் ஸ்கெய்தாரா மணல்வெளி விரிந்தது. எதிரே, மேகத்துக்கு அடியிலிருந்து பனியாறுகள் வழிந்திருந்தன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வலப்பக்கம் மணலில் கிடந்த இரும்பைப் பார்த்துவிட்டார்.

இந்தச் சுற்றுச்சாலை நெடுங்காலம் முழுச் சுற்றாக இல்லை. இடம்விட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும் பனியாற்று நீரோட்டங்கள் இந்த மணல்வெளியில் சாலை போடவே விடவில்லை. 1974-இல் ஸ்கெய்தாரா ஆற்றின் குறுக்கே 880 மீட்டர் நீளப் பாலம் கட்டியபிறகுதான் வட்டம் பூர்த்தியானது. அப்போது நாட்டின் மிக நீளமான பாலம் அது. 1996 இலையுதிர் காலத்தில் வட்னாயோகுல் பனிக்கு அடியில் ஓர் எரிமலை வெடித்தது. உருகிய நீரெல்லாம் க்ரீம்ஸ்வோத்ன் என்ற பனியடி ஏரியில் சேர்ந்துகொண்டே போயிற்று. விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள், சாலையை மூடினார்கள், ஏறத்தாழ ஒரு மாதம் எல்லோரும் காத்திருந்தார்கள். நவம்பர் 5 அன்று ஏரி பனியைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தது. உச்சத்தில் நொடிக்குச் சுமார் 50,000 கன மீட்டர் நீர். வீட்டளவு பனிப்பாளங்கள் வெள்ளத்தோடு வந்து பாலங்களை இடித்தன. கீக்யுக்விஸ்ல் ஆற்றின் பாலம் முழுவதும் போயிற்று, ஸ்கெய்தாரா பாலத்தில் ஒரு பகுதி போயிற்று. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அந்த வெள்ளம் முறுக்கிப்போட்ட உத்திரங்களைத்தான் சாலையோரத்தில் நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். அப்பா அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து, உத்திரத்தின் அடித்தகட்டில் இருந்த போல்ட் துளைகளில் விரலை விட்டுப் பார்த்தார். துளைகள் வட்டமாக இல்லை, நீண்டு கிழிந்திருந்தன. “பார், இரும்பு முதலில் வளையவில்லை. இணைப்புதான் முதலில் கிழிந்திருக்கிறது. அதற்கப்புறம்தான் வெள்ளம் இதை முறுக்கியிருக்கிறது” என்றார். நான் அந்தத் துளையைத் தொட்டேன். துருவின் சொரசொரப்புக்குள் கிழிந்த விளிம்பு இன்னும் கூராகவே இருந்தது.

பாலத்தைச் சரிசெய்து மீண்டும் திறந்தார்கள். ஆனால் 2009-இல் ஸ்கெய்தாரா ஆறே போய்விட்டது. பனியாறு பின்வாங்கிக்கொண்டே போனதால் உருகும் நீர் வேறு பள்ளத்தைக் கண்டுபிடித்து, மேற்கே கீக்யுக்விஸ்லில் போய்ச் சேர்ந்துகொண்டது. நீளப் பாலத்துக்கு அடியில் ஒரு சிற்றோடைதான் மிச்சம். 2017-இல் அந்த ஓடைக்குப் போதுமான சிறிய பாலத்தைக் கட்டி, பழையதைக் கைவிட்டார்கள். மணலுக்கு நடுவே அது வரிசையாகத் தூண்களோடு நிற்கிறது. வெள்ளத்துக்குத் தாக்குப்பிடித்த பாலம், ஆறு கைவிட்ட பாலம். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். “எங்கள் காலத்தில் ஆறு எவ்வளவு உயரத்துக்கு ஏறும் என்றுதான் கணக்குப் போடுவோம். ஆறு இருக்குமா என்று யாரும் கணக்குப் போட்டதில்லை.”

ஒன்பது மணிக்கு ஸ்காஃப்டாஃபெட்லில் எங்கள் குழு கூடியது. வழிகாட்டி முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். சத்தமாகப் பேசாதவர். ஹெல்மெட், இடுப்பு வார், பனிக்கோடாரி, காலணிக்கு அடியில் கட்டும் முள்தகடான கிராம்பான் எல்லாவற்றையும் கொடுத்து, ஒவ்வொருவர் காலணியையும் தானே மண்டியிட்டுச் சோதித்தார். கணுக்காலை மூடாத காலணியோடு வந்திருந்த ஒருவருக்கு வேறு காலணி எடுத்துக்கொடுத்தபிறகே புறப்பட்டோம். சிற்றுந்தில் கொஞ்ச தூரம் போனால் ஃபால்யோகுல். நாட்டின் உயரமான சிகரம் அமைந்த ஓரைவாயோகுல் எரிமலையின் தலையிலிருந்து செங்குத்தாக இறங்கும் பனியாறு அது. முன்பெல்லாம் பக்கத்திலிருக்கும் ஸ்வீனாஃபெல்ஸ்யோகுலிலும் நடை இருந்தது. அதற்கு மேலே மலைச்சரிவில் பெரிய பிளவு கண்டுபிடிக்கப்பட்டு, நிலச்சரிவு அபாயம் இருப்பதாகச் சொன்னதால் 2018-லிருந்து அங்கே நடைகளை நிறுத்திவிட்டார்கள்.

வண்டியிலிருந்து இறங்கியதும் பனி இல்லை. கற்குவியல். அதன்மேல் நல்ல நடை நடக்க வேண்டும். வழியில் ஓர் இடத்தில் நின்று, “நான் இந்த வேலைக்குச் சேர்ந்த வருடம் இங்கேதான் கிராம்பானைக் கட்டினோம்” என்றார் வழிகாட்டி. பனியின் விளிம்பு அங்கிருந்து எங்கோ தள்ளி இருந்தது. நாங்கள் மிதித்துக்கொண்டிருந்த சரளைக்கு அடியிலேயே சில இடங்களில் பழைய பனி புதைந்து கிடக்கிறது, அது உள்ளேயே உருகித் திடீரென்று குழி விழும், அதனால் தன் காலடித் தடத்தை விட்டு விலகக் கூடாது என்றார். ஐஸ்லாந்தின் பனியாறுகள் 1990-களின் நடுவிலிருந்து விடாமல் பின்வாங்கிக்கொண்டிருக்கின்றன. தெரிந்த செய்திதான். ஆனால் அந்தக் கல்லில் நின்று எதிரே இருந்த பனியை அண்ணாந்து பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

பனிமேல் நடப்பதற்கு முதலில் நடையையே மறக்க வேண்டும். கால்களைச் சற்று அகட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு காலின் முள் மறுகால் துணியில் மாட்டும். குதிகாலை முதலில் வைக்கக் கூடாது. பாதம் முழுவதையும் ஒரே நேரத்தில் ஓங்கி வைத்தால் எல்லா முட்களும் பனியைப் பிடிக்கும். ஏறும்போது கால்விரல்கள் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், இறங்கும்போது முழங்கால் மடங்கி உடல் எடை பாதத்தின்மேல் நேராக இறங்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் பிடிபட்டுவிடுகிறது. அதற்கப்புறம் சறுக்கிவிடுவோமோ என்ற எண்ணமே வரவில்லை. அப்பாவின் முழங்காலைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவரோ ஏற்றத்தில் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

முதல் ஏற்றத்தில் பனியில் படிகள் வெட்டியிருந்தன. வழிகாட்டி எங்களை நிறுத்திவிட்டு ஒவ்வொரு படியையும் கோடாரியால் மறுபடி செதுக்கினார். “நேற்று மாலைதான் வெட்டினேன். கோடைக்காலத்தில் ஒரே நாளில் விரல் நீளத்துக்குப் பனி இறங்கிவிடும். நேற்றைய பாதை இன்று செல்லாது. தினமும் காலையில் யாராவது ஒருவர் முன்னால் வந்து பார்ப்போம்.” அப்பா அவர் கோடாரி பிடிக்கும் விதத்தைக் கவனித்துக்கொண்டே நின்றார். படியின் தளம் வெளிப்பக்கம் சரியாமல் உட்பக்கம் சற்றே சாய்ந்திருக்கும்படி வெட்டினார் அவர். ஒவ்வொன்றும் ஏழெட்டு வெட்டில் முடிந்தது.

மேற்பரப்பு வெள்ளையாக இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் வியப்படைவார்கள். கருமையும் சாம்பல் நிறமுமாகத்தான் இருக்கிறது. எரிமலைச் சாம்பல் பல அடுக்குகளாகப் பனிக்குள் புதைந்து, பனி உருக உருக மேலே வந்துவிடுகிறது. அங்கங்கே முழங்கால் உயரத்தில் கூம்புகளாகக் கரிய மேடுகள். மண்மேடு என்றுதான் எண்ணினேன். வழிகாட்டி கோடாரி நுனியால் ஒரு கீறு கீறினார். ஒரு விரற்கடை சாம்பலுக்குக் கீழே பளிங்கு போன்ற பனி. மெல்லிய தூசு வெயிலை உறிஞ்சிப் பனியைச் சீக்கிரம் உருக்கும். அதே சாம்பல் தடிமனாகப் படிந்தால் பனிக்குக் குடை பிடிக்கும். சுற்றியிருப்பது உருகித் தாழ்ந்துபோக, குடைக்கு அடியில் இருப்பது மட்டும் கூம்பாக நிற்கும். அப்பாவும் கீறிப் பார்த்தார். பிறகு கையாலேயே சாம்பலை வாரி அந்தக் கீறலை மூடிவிட்டுத்தான் எழுந்தார்.

அந்தக் கூம்புகளுக்கு அப்பால் ஒரு சமதளத்தில் பச்சை உருண்டைகள் சிதறிக் கிடந்தன. எலுமிச்சை அளவு, சில அதைவிடப் பெரியவை. பனியின் மேல் உருண்டையாக வளரும் பாசி. 1950-களின் தொடக்கத்தில் ஐஸ்லாந்தின் வானிலை அறிஞர் யோன் எய்தோர்சன் இவற்றைக் கண்டு பனியாற்று எலிகள் என்று பெயர் வைத்தார். எங்கும் வேர் பிடிக்காமல், ஒரு பக்கம் மட்டும் வாடிவிடாமல் மெல்ல உருண்டுகொண்டே எல்லாப் பக்கமும் வளர்கின்றன. அலாஸ்காவில் இத்தகைய உருண்டைகளுக்கு அடையாளமிட்டுக் கவனித்த ஆய்வாளர்கள், அவை நாளொன்றுக்குச் சராசரி இரண்டரை சென்டிமீட்டர் நகர்வதையும், கூட்டமாக ஒரே திசையில் போவதையும் 2020-இல் வெளியிட்டார்கள். காற்றோ சரிவோ அந்தத் திசையை முழுவதுமாக விளக்கவில்லை. இதே ஃபால்யோகுலின் உருண்டைகளைத் திறந்து பார்த்த ஆய்வு ஒன்று, உள்ளே கண்ணுக்கெட்டாத அளவில் நீர்க்கரடிகளும் நுண்புழுக்களும் வாழ்வதைக் காட்டியது. வழிகாட்டி ஒன்றை எடுத்து என் கையுறையில் வைத்தார். ஈரமாக, எதிர்பாராத கனத்தோடு இருந்தது. அடிப்பக்கத்தில் மட்டும் பனி மணிகள் ஒட்டியிருந்தன. எடுத்த இடத்தில், எடுத்த பக்கம் கீழே இருக்கும்படி அதைத் திருப்பி வைத்தேன். அந்த நடை முழுவதிலும் என்னை ஆட்கொண்டது அதுதான்.

பனிப்பிளவின் ஓரத்தில் வழிகாட்டி எங்களை ஒவ்வொருவராக நிறுத்தி, இடுப்பு வாரைப் பின்னாலிருந்து தான் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்க வைத்தார். மேலே சாம்பல், ஓர் ஆள் ஆழத்தில் வெளிர் நீலம், அதற்குக் கீழே பெயர் சொல்ல முடியாத நீலம். மேலுள்ள பனியின் எடை அழுத்தி அழுத்திக் காற்றுக்குமிழ்களை வெளியேற்றிய பனிக்குள் ஒளி வெகுதூரம் போகிறது. போகும் வழியில் சிவப்பு உறிஞ்சப்பட, நீலம் மட்டும் திரும்பி வருகிறது. எங்கோ கீழே தண்ணீர் ஓடும் ஒலி.

பனி உருகி ஓடுவது சரி, பனியே ஓடுகிறது என்பதை இந்த மலையில் நின்றுதான் கண்டுகொண்டார் ஒருவர். ஸ்வெய்ன் பால்சன் என்ற மருத்துவர் 1794-இல் ஓரைவாயோகுலில் ஏறினார். கீழே இறங்கும் பனியாற்றில் வளைவு வளைவாகக் கோடுகளைப் பார்த்து, பனி கெட்டியான திரவம்போல் வழிகிறது என்று எழுதிவைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி நெடுங்காலம் முழுமையாக அச்சேறவில்லை. அதற்குள் ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் அதே முடிவுக்கு வந்துவிட்டார்கள். வழிகாட்டி இதைச் சொல்லிவிட்டு எதிரே பனி உடைந்து படிக்கட்டாக விழும் செங்குத்தைக் காட்டியபோது, அந்த மருத்துவரின் கண்ணோடு ஒரு கணம் பார்க்க முடிந்தது.

அங்கே நின்றபோதுதான் வானம் மாறியது. வெயில் இருந்தது. அந்தச் செங்குத்தின் உச்சி மறைந்தது. இரண்டு நிமிடத்தில் பாதி மறைந்தது. பிறகு ஹெல்மெட்டில் சடசடவென்று ஆலங்கட்டி. முகத்தில் பட்டவை எரிந்தன. கண்ணாடி அணிந்திருந்த அப்பா தலையைக் கவிழ்த்துக்கொண்டு அசையாமல் நின்றார். கொட்டியது நின்றதும் பார்த்தால் கரும்பரப்பு முழுக்க வெளுத்திருந்தது, சிறு பிளவுகளின் விளிம்புகள் கண்ணுக்கு மறைந்திருந்தன.

இன்னும் மேலே போனால் உருகிய நீர் சுழன்று இறங்கும் பெரிய துளை ஒன்று இருக்கிறது, அதுவரை போவதுதான் திட்டம். வழிகாட்டி மேகத்தைப் பார்த்தார், காற்று வந்த திசையில் திரும்பி நின்றார், கையடக்கக் கருவியில் சக வழிகாட்டியிடம் இரண்டு வாக்கியம் பேசினார். “இன்று இதுதான் எல்லை. திரும்பலாம்” என்றார்.

குழுவில் ஒருவர் இன்னும் பத்து நிமிடம்தானே என்று கேட்டார்.

“போவதற்குப் பத்து நிமிடம். திரும்பும்போது காற்று எதிரில் இருக்கும், நான் காலையில் வெட்டிய படிகள் ஆலங்கட்டிக்கு அடியில் இருக்கும்.”

அவர் குரலை உயர்த்தவில்லை, வருத்தம் தெரிவிக்கவும் இல்லை. அப்பா முதல் ஆளாகத் திரும்பி நின்றார். பணியில் இருந்த நாள்களில், ஆற்றில் நீர் ஏறுகிறது, வேலையை நிறுத்து என்று சொன்ன இளைய பொறியாளர்களைத் தனக்குத் தெரியும் என்றும், அப்படிச் சொல்வதற்கு அனுபவத்தோடு துணிவும் வேண்டும் என்றும் அன்று மாலை சொன்னார். எவ்வளவு தூரம் கூட்டிப்போகிறார்கள் என்று பார்த்துப் பனிநடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பேன். வானிலைக்காக நேரத்தை மாற்றும் வழக்கம் இருக்கிறதா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். பயணத் திட்டத்தில் ஒரு நாளையாவது எதுவும் எழுதாமல் விட்டுவையுங்கள். துணியில் பருத்தி வேண்டாம், நனைந்தால் உடம்புச் சூட்டையெல்லாம் குடித்துவிடும். கம்பளி உள்ளாடை, மழைக்கான மேல்சட்டையும் கால்சட்டையும், உலர்ந்த கையுறை இன்னொரு ஜோடி. இவை இருந்தால் ஆலங்கட்டியில்கூட நின்று ரசிக்கலாம்.

நாங்கள் கற்குவியலை அடைந்தபோது மறுபடி வெயில். குழுவில் கேள்வி கேட்டவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். நாங்கள் நின்ற இடம் மேகத்துக்குள் போயிருந்தது.

பிற்பகலில் காற்று சொன்னபடி வந்தது. சாலையை மூடிவிட்டார்கள். விடுதியின் கண்ணாடிச் சன்னல் அருகே உட்கார்ந்து, வாகன நிறுத்தத்தில் கார்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வேறொரு நாளாக இருந்தால் வீணான மாலை என்று எனக்குத் தோன்றியிருக்கும். அப்பா காலையில் பார்த்த உத்திரத்தைத் துண்டுத்தாளில் வரைந்து, விசை எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு அம்புக்குறி போட்டுக் காட்டினார். சிறுவயதுக்குப் பிறகு அவரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டது அன்றுதான்.

மறுநாள் காலையில் ஒரு மேகம் இல்லை. 2,110 மீட்டர் உயர ஹ்வன்னதால்ஸ்னூக்கூர் சிகரம், முந்தைய நாள் முழுவதும் இருக்கிறதா என்றே தெரியாமல் இருந்தது, இப்போது முழுதாக நின்றது. சாலை திறந்ததும் யோகுல்சார்லோனுக்கு ஓட்டினோம். 1930-களில்தான் இந்த ஏரி உருவாகத் தொடங்கியது. பனியாறு பின்வாங்கிய பள்ளத்தில் நீர் நிரம்பி, இன்று நாட்டின் ஆழமான ஏரி. உடைந்த பாளங்கள் ஏரியில் மிதந்து, குட்டையான ஆறு வழியாகக் கடலுக்குப் போகின்றன.

அந்த ஆற்றின்மேல் 1967-இல் கட்டிய தொங்குபாலம் இருக்கிறது, ஒரு கார் மட்டும் போகக்கூடியது. எல்லோரும் ஏரியைப் படமெடுத்துக்கொண்டிருக்க, அப்பா பாலத்தின் வடங்கள் தரையில் இறங்கும் இடத்துக்குப் போய்விட்டார். கடல் கரையை அரித்துக்கொண்டே இந்தப் பாலத்தை நெருங்கி வருகிறது, அதனால் சாலைத் துறை பெரிய கற்களைப் போட்டுக் கரையைக் காத்துவருகிறது. அவர் அந்தக் கற்களின்மேல் ஏறி நின்று, அலை எதுவரை வருகிறது என்று பார்த்தார். பாலத்துக்கு அடியில் நீலப் பாளம் ஒன்று தூணை உரசாமல் திரும்பிப் போயிற்று.

“இதை எவ்வளவு நாள் இங்கே வைத்திருப்பார்கள் என்று கேட்க வேண்டும்” என்றார். ஏரிப் படகுக்கு டிக்கெட் கொடுக்கும் இடத்தில் நின்றிருந்த பணியாளரிடம் நேராகப் போய்க் கேட்கவும் செய்தார். அந்த இளைஞர் தன் மேலாளரைக் கூப்பிட்டார், மேலாளர் ஒரு காகிதத்தை எடுத்துக் கரை பத்து வருடத்துக்கு முன் எங்கே இருந்தது என்று கோடு போடத் தொடங்கினார். படகு புறப்பட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நான் இரண்டு டிக்கெட் வாங்கினேன்.